பதினோரு முறை கழுவிய வெள்ளித் தகடு

1

"அப்பா, நீ கதேயா?" என்று என் மகள் இனியா கேட்டபோது, அவள் கதை கேட்கிறாள் என்றுதான் நினைத்தேன். அப்போது அவளுக்கு ஆறு வயது. நாங்கள் பின்லாந்துக்கு வந்த வருடமே பிறந்தவள். தமிழ் புரியும், ஆனால் பேச்சில் பாதி பின்னிஷ்தான். நவம்பர் மாதம். பிற்பகல் மூன்றரை மணிக்கே ஜன்னலுக்கு வெளியே கறுத்துவிட்டது. சமையலறை மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்து ஒரு கட்டுரை வாசித்துக்கொண்டிருந்தேன்.

"ஒரு ஊர்ல ஒரு மீன்காரர் இருந்தாராம்" என்று தொடங்கினேன்.

"இல்லப்பா. கதே. நீ கதேயா?"

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த என் மனைவி டெல்பின் சிரித்துவிட்டாள். அவள் இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். கிழவர்களோடு பேசிப் பேசி என்னைவிட நன்றாகப் பின்னிஷ் பேசுவாள்.

"அவ கத ஒண்ணும் கேக்கல. கதேன்னா பொறாமக்காரன். நீங்க பொறாமப்படுகியளான்னு கேக்கா."

பள்ளியில் முகங்களைப் படம் போட்ட அட்டைகளைக் காட்டி, இது கோபம், இது பயம், இது வெட்கம் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். கண்ணைச் சுருக்கி உதட்டை அழுத்திவைத்த ஒரு முகத்துக்குக் 'கதே' என்று பெயர். இனியா அந்த அட்டையை எடுத்து வந்து என் முகத்தருகே பிடித்து ஒப்பிட்டுப் பார்த்தாள்.

இல்லை என்று சொல்லிக் கணினியை மூடினேன். அதில் இருந்தது நாகர்கோவிலில் என்னோடு படித்த சுயம்பு எழுதிய கட்டுரை.

ஊர்த் திருவிழா மலருக்கு வெளிநாட்டு அனுபவம் ஏதாவது எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருந்தீர்கள். பனி எப்படி இருக்கும், சம்பளம் எப்படி, மீன் கிடைக்குமா என்றெல்லாம் எழுதலாம்தான். வந்து பத்து வருடம் ஆகிறது. நிரந்தரக் குடியிருப்பு அட்டை போன மாதம்தான் கைக்கு வந்தது. பனியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் வேறொன்றுதான் வருகிறது. ஆகவே அதையே எழுதுகிறேன்.

2

நான் செய்த வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். என் அம்மாவிடம் இதை மூன்று தடவை விளக்கி, கடைசியில் அவள் "கண்ணாடி தொடைக்கிற வேல" என்று முடிவு செய்தாள். அது அவ்வளவு தப்பும் இல்லை.

ஒரு பொருளின் மேல் லேசர் ஒளியைப் பாய்ச்சினால், சிதறி வரும் ஒளியில் மிகச் சிறிய பங்கு நிறம் மாறி வரும். எப்படி மாறுகிறது என்பது பொருளுக்குப் பொருள் வேறு, கைரேகை மாதிரி. அதைப் படித்து உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிவிடலாம். இதுதான் ராமன் நிறமாலை. ஆனால் அந்த ஒளி மிகவும் மங்கல். பொருள் கொஞ்சமாக இருந்தால் ஒன்றும் தெரியாது. அதே பொருளை, கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சொரசொரப்பான வெள்ளி அல்லது தங்கத்தின் மேல் வைத்தால் அந்த ஒளி பல லட்சம் மடங்கு பெருகும். ஒரு துளித் தண்ணீரில் இருக்கிற துளி விஷத்தையும் கண்டுபிடிக்கலாம்.

சிக்கல் ஒன்றுதான். ஒரு தடவை ஒட்டிய பொருள் உலோகத்தை விட்டுப் போகாது. அழுத்தித் தேய்த்தால் உலோகம் போய்விடும். அதனால் விரல் நகம் அளவுத் தகட்டை நாள்கணக்கில் வெற்றிட அறையில் வைத்து உருவாக்கி, ஒரே தடவை பயன்படுத்திவிட்டுக் குப்பையில் போடுகிறார்கள். கழுவித் திரும்பத் திரும்பப் பயன்படுத்தக்கூடிய தகடு வேண்டும். எங்கள் குழுவின் திட்டம் அதுதான்.

குழுவின் தலைவி ரீத்தா. எங்கள் கடற்கரையில் பாதிப் பெண்களுக்கு இந்தப் பெயர் உண்டு. இங்கேயும் உண்டு என்பது எனக்கு ஆச்சரியம். இந்த நாட்டில் பேராசிரியரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். எனக்கு வாய் வராமல், எதிரே போய் நின்று இருமுவேன்.

எங்கள் தகடு தங்கத்தில் செய்தது. மிக அழகாக இருக்கும். முதல் தடவை பளிச்சென்று வேலை செய்யும். சுத்தம் செய்து இரண்டாம் தடவை வைத்தால் சுமார். நான்காம் தடவை தகடு செத்துவிடும். இரண்டு வருடமாக இதே கதை. திட்டம் டிசம்பரில் முடிகிறது. அதோடு என் ஒப்பந்தமும் முடிகிறது. ஒப்பந்தம் முடிந்தால் குடியிருப்பு அனுமதியும் முடியும். அந்த நவம்பரில் நான் இருந்த இருப்பு அது.

3

சுயம்பு மண்டைக்காட்டுப் பக்கத்துக்காரன். அய்யாவழிச் சமயக் குடும்பம். அப்பாவுக்கு வாழைத்தோட்டம். நான் மணவாளக்குறிச்சியை ஒட்டிய கடற்கரை. நாகர்கோவிலில் எம்.எஸ்ஸி. இயற்பியல் இரண்டு வருடமும் ஒரே பெஞ்சில் இருந்தோம். அவன் முதல் மதிப்பெண், நான் இரண்டாவது. நான் விடிய எழுந்து படிப்பேன். அவன் விடிய எழுந்து வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வருவான். வந்து முதல் மதிப்பெண் வாங்குவான்.

முதல் வருட டிசம்பரில் கடல் வந்தது. எங்கள் வீடு போயிற்று, ஆட்கள் பிழைத்துக்கொண்டோம். பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தபோது மறுநாள் காலையில் சுயம்பு சைக்கிளில் வந்து நின்றான். மூன்று முகாம்களில் கேட்டுக் கேட்டு வந்திருக்கிறான். கையில் இரண்டு சட்டை, அவனுடைய ஆய்வக ரெக்கார்டு நோட்டு.

"ஒனக்க ரெக்கார்டு போயிருக்கும்லா. இதப் பாத்து எழுது. நான் பெறவு வாங்கிக்கிடுகேன்" என்றான்.

அழுதேன். ஆனால் உண்மையைச் சொல்வதென்றால், அந்த நோட்டில் அவன் வரைந்திருந்த வரைபடங்கள் என்னுடையதைவிட நன்றாக இருந்தன என்பதையும் அந்த அழுகைக்கு நடுவில் கவனித்தேன்.

2006இல் பின்லாந்தின் இந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து எங்கள் இரண்டு பேருக்கும் ஆராய்ச்சி இடம் கிடைத்துக் கடிதம் வந்தது. நான் கடிதத்தை மாதா சுரூபத்துக்கு முன்னால் வைத்தேன். சுயம்பு போகவில்லை என்று சொல்லிவிட்டான்.

"ஏம்லே?"

"எனக்கு இங்க என்னலே கொறச்சல்?"

அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, பணமில்லை என்று ஏதாவது சொல்லியிருந்தால் பரிதாபப்பட்டிருப்பேன். அது எனக்குச் சுகமாகவும் இருந்திருக்கும். நான் மூச்சிரைக்க ஓடிப்பிடித்த பஸ்ஸை அவன் கையசைத்துப் போகவிட்டான். அதை மன்னிக்க என்னால் முடியவில்லை.

விமானம் ஏறியபோது ஒரு நிம்மதி இருந்தது. இனி எங்களை யாரும் ஒரே பட்டியலில் வைத்துப் பார்க்க மாட்டார்கள்.

4

ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்றைப் பத்திரிகைக்கு அனுப்பினால், அதே துறையில் உள்ள இரண்டு மூன்று பேருக்கு அனுப்பிக் கருத்துக் கேட்பார்கள். மதிப்பாளர்கள் என்று அவர்களுக்குப் பெயர். எழுதியவர் யாரென்று கருத்துச் சொல்பவருக்குத் தெரியும். கருத்துச் சொன்னவர் யாரென்று எழுதியவருக்குத் தெரியாது. எழுதியவர் உங்களுக்குத் தெரிந்தவர் என்றால், அல்லது அதே வேலையை நீங்களும் செய்கிறீர்கள் என்றால், சொல்லி விலகிவிட வேண்டும். அதற்கென்று படிவத்தில் ஒரு கட்டம் உண்டு.

சுயம்புவின் கட்டுரை எனக்கு வந்தது. நான் 'தொடர்பு எதுவும் இல்லை' என்ற கட்டத்தில் குறி போட்டேன்.

அவன் செய்திருந்தது இதுதான். மணவாளக்குறிச்சி மணல் ஆலைக்குக் கடிதம் கொடுத்து ஒரு பாட்டில் கறுப்பு மணல் வாங்கியிருக்கிறான். அதில் இருக்கும் இரும்பை அமிலத்தில் பிரித்தெடுத்துவிட்டு, டைட்டானியம் ஆக்சைடு என்ற வெள்ளைப் பொடியை எடுத்திருக்கிறான். அதைக் கண்ணாடித் துண்டில் மெல்லிய படலமாகப் பூசி, வெள்ளி உப்புக் கரைசலில் மூழ்கவைத்து மொட்டைமாடி வெயிலில் வைத்திருக்கிறான். வெயில் பட்டதும் வெள்ளி தானாகவே அதன்மேல் சொரசொரப்பாக வளர்ந்திருக்கிறது. வெற்றிட அறை கிடையாது. தங்கம் கிடையாது.

இன்னொன்றும் இருந்தது. டைட்டானியம் ஆக்சைடின் மேல் வெயில் பட்டால் ஒட்டியிருக்கும் பொருளை அது மெல்லச் சிதைத்துவிடும். எனவே பயன்படுத்திய தகட்டில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு மறுபடி வெயிலில் வைத்தால் போதும், சுத்தம். ராமன் கருவி அவனுக்கு நாகர்கோவிலில் இல்லை. மாதம் ஒரு நாள் திருவனந்தபுரத்தில் அனுமதி கிடைக்கும். தகடுகளை டிபன் பாக்ஸில் வைத்துப் பஸ்ஸில் கொண்டுபோய், அங்கேயே வெயிலில் காயவைத்துக் காயவைத்து அளந்திருக்கிறான். வாழைத்தோலில் அடிக்கும் பூசணமருந்தைக் கண்டுபிடிக்கும் சோதனை. ஒரே தகடு, பதினோரு தடவை. பதினோராவது தடவை வந்த நிறமாலைக் கோடும் முதல் தடவை வந்த கோடும் கிட்டத்தட்ட ஒன்று.

நான் அந்த இரண்டு கோடுகளையும் திரையில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். எங்காவது பொய் இருக்கும் என்று தேடினேன். இல்லை. எங்கள் ஆய்வகத்தில் வெயில் என்று சொல்ல மார்ச் வரை ஒன்றும் கிடையாது என்பதும் நினைவுக்கு வந்தது. அப்போதுதான் இனியா அட்டையோடு வந்தாள்.

ஆறு வாரம் அதைக் கையில் வைத்திருந்தேன். பிறகு மூன்று கோரிக்கைகள் எழுதினேன். ஒன்று, வெயில் ஒரே சீரானதல்ல. அளவு குறித்த விளக்கு ஒளியில் எல்லாச் சோதனைகளையும் திரும்பச் செய்ய வேண்டும். இரண்டு, ஒவ்வொரு கழுவலுக்குப் பிறகும் மின்னணு நுண்ணோக்கிப் படம் வேண்டும். அந்த நுண்ணோக்கி அவன் கல்லூரியில் இல்லை என்று எனக்குத் தெரியும். மூன்று, கடல்காற்றில் வெள்ளி கறுக்குமே, ஆறு மாதம் வைத்துப் பார்த்தீர்களா? மூன்றாவது மட்டும்தான் நியாயமான கேள்வி. மற்ற இரண்டும் அவன் காலைப் பிடித்து இழுப்பதற்கு.

அதோடு நின்றிருந்தால்கூட ஒரு மாதிரி. கட்டுரை கையில் இருந்தபோதே, நவம்பர் கடைசியில் நடந்த வாரக் கூட்டத்தில் ரீத்தா, புதிதாக ஏதாவது யோசனை இல்லாவிட்டால் டிசம்பரோடு முடித்துக்கொள்ள வேண்டியதுதான் என்றார். அறையில் எல்லோரும் மேசையைப் பார்த்தார்கள்.

"அடியில் டைட்டானியம் ஆக்சைடு வைத்துப் பார்க்கலாம். ஒளியாலேயே சுத்தமாகும்" என்றேன்.

ரீத்தா நிமிர்ந்தார். "இது எப்படித் தோன்றியது?"

"எங்கள் ஊர்க் கடற்கரை மணல் கறுப்பாக இருக்கும். அதில் டைட்டானியம் உண்டு. சின்ன வயதிலிருந்தே அதைப் பற்றி யோசித்திருக்கிறேன்."

சின்ன வயதில் அந்த மணலில் கால் சுட்டு ஓடியிருக்கிறேனே தவிர, எதையும் யோசித்ததில்லை. ரீத்தா வெள்ளைப் பலகையில் அந்த யோசனையை எழுதி, பக்கத்தில் என் பெயரை எழுதினார். நான் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஒப்பந்தம் ஒரு வருடமும், தேவைப்பட்டால் இன்னொரு வருடமும் நீண்டது. டெல்பின் அன்று தேங்காய் அரைத்து மீன்குழம்பு வைத்தாள். இங்கே கிடைக்கும் சால்மன்தான். "மாதா கைவிடல பாத்தியளா" என்றாள். நான் ஆமாம் என்றேன்.

5

ஒப்பந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு அனுமதியைப் புதுப்பிக்கக் காவல்நிலையம் போனேன். அப்போதெல்லாம் இந்தக் காரியம் காவல்நிலையத்தில்தான். சீட்டு எடுத்து உட்கார்ந்தால் இரண்டு மணி நேரம். படிவத்தின் ஒரு பக்கத்தை வீட்டிலேயே மறந்துவிட்டிருந்தேன். கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பெண், நாளைக்குக் கொண்டுவாருங்கள் என்றார். நான் ஆங்கிலத்தை விட்டுப் பின்னிஷில் பேசி மரியாதை சம்பாதிக்கலாம் என்று நினைத்தேன். 'உங்களை நாளை சந்திக்கிறேன்' என்பதற்குத் 'தபான்' என்று நீட்ட வேண்டும். நான் 'தபன்' என்று குறுக்கிவிட்டேன். அதற்குக் கொல்கிறேன் என்று பொருள். காவல்நிலையத்தில் ஒரு அதிகாரியிடம், நாளை உங்களைக் கொல்கிறேன் என்று சிரித்த முகத்தோடு சொல்லியிருக்கிறேன்.

அந்தப் பெண் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு மெதுவாகத் "தபா...ன்" என்று நீட்டிச் சொல்லிக்கொடுத்தார். குறிலும் நெடிலும் படித்து வளர்ந்தவனுக்கு இது நேரலாமா.

வீட்டில் இதைச் சொன்னபோது இனியா விழுந்து விழுந்து சிரித்தாள். அதற்குப் பிறகு என்னிடம் தமிழில் பேசுவதையும் குறைத்துக்கொண்டாள். நான் தமிழில் கேட்பேன், அவள் பின்னிஷில் பதில் சொல்வாள். என் பின்னிஷைத் திருத்துவாள்.

6

அடுத்த கோடையில் திருத்திய கட்டுரை என்னிடம் மறுபடி வந்தது. எட்டு மாதம் ஆகியிருந்தது. விளக்குக்காகக் கல்லூரியில் விண்ணப்பம் கொடுத்து, காத்திருந்து, வாங்கி, எல்லாவற்றையும் திரும்பச் செய்திருந்தான். நுண்ணோக்கிப் படங்கள் மூன்றுதான் எடுக்க முடிந்தது என்று மன்னிப்புக் கேட்டிருந்தான். தகடுகளை மண்டைக்காட்டில் கடலுக்கு நூறடி தள்ளியுள்ள ஒரு வீட்டுக் கூரையில் ஆறு மாதம் தொங்கவிட்டிருந்தான். சில கறுத்துவிட்டன. ஏன் கறுத்தன என்று கண்டுபிடித்து அதற்கும் ஒரு வழி செய்திருந்தான்.

இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். வந்த கோப்பை நான் பதினாறு நாள் திறக்கவே இல்லை. அந்தப் பதினாறு நாளுக்குள் வேறொரு நாட்டுக் குழு கிட்டத்தட்ட அதையே வேறொரு பத்திரிகையில் வெளியிட்டுவிட்டது. ஆசிரியர் சுயம்புவின் கட்டுரையை, புதுமை இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார். எங்கள் குழுவின் வேலையும் அன்றே பழசாகிவிட்டது. ரீத்தா தோளைக் குலுக்கி, "இப்படித்தான் நடக்கும். எதை மேம்படுத்தலாம் என்று பார்ப்போம்" என்றார்.

இரண்டு நாள் கழித்துச் சுயம்புவிடமிருந்து ஒரு மின்னஞ்சல்.

"மக்கா, சுகமா? எனக்க கட்டுரை ஒண்ணு போச்சு. ஒரு மதிப்பாளர் என்னப் போட்டு அரச்சுட்டான். அவனுக்கும் ஏதாவது காரணம் இருந்திருக்கும். நீ அந்தத் துறையிலதான இருக்க. மற்ற எந்தப் பத்திரிகைக்கு அனுப்பலாம்னு சொல்லுவியா?"

நான் இரண்டு பத்திரிகைகளின் பெயரை எழுதி அனுப்பினேன். நன்றி சொல்லிப் பதில் வந்தது.

7

2014 மார்ச்சில் ஊருக்கு வந்தோம். மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடைவிழா நேரம். ரோடெல்லாம் கூட்டம். இனியா மூன்றாம் நாளே டெல்பினிடம் "எப்போ வீட்டுக்குப் போவோம்" என்று கேட்டாள். அவள் வீடு என்றது பின்லாந்தை. என் அம்மா கேட்டுவிட்டு அடுக்களைக்குள் போனாள்.

சுயம்பு கல்லூரிக்கு வரச் சொல்லியிருந்தான். அங்கே உதவிப் பேராசிரியர் அவன். இனியாவையும் கூட்டிப்போனேன். இயற்பியல் துறையின் மொட்டைமாடியில் ஓர் இரும்பு மேசை, அதன்மேல் வெள்ளைத் துணி, துணியில் வரிசையாகத் தகடுகள் வெயில் காய்ந்துகொண்டிருந்தன. கொஞ்சம் தொப்பை போட்டிருந்தான். மற்றபடி அதே ஆள்.

"வந்தியா மக்கா. இதுதானா பிள்ள? ஏட்டி, ஒனக்கு வாழப்பழம் புடிக்குமா?"

இனியா என் பின்னால் ஒளிந்தாள். அவன் அதைக் கவனிக்காதவன்போல ஒரு ஏத்தன் வாழைப்பழத்தின் தோலை ஈரப் பஞ்சால் துடைத்தான். பஞ்சைப் பிழிந்து ஒரு சொட்டைத் தகட்டில் விட்டான். கல்லூரிக்கு அப்போது சிறிய ராமன் கருவி ஒன்று வந்திருந்தது. கீழே அறைக்குக் கூட்டிப்போய்த் தகட்டை வைத்தான். திரையில் கோடு மேலே எழுந்தது.

"இது மருந்து. தோலுல அடிச்சது. உள்ள பழத்துல இல்ல, பயப்படாத. இப்ப இதக் கழுவணும். எப்பிடிக் கழுவுவ?"

இனியா யோசித்தாள். "சோப்பு?"

"சோப்பு போட்டா வெள்ளி கோவிச்சுக்கிடும். வெயில்ல வைக்கணும். வெயிலு தின்னுட்டுப் போயிரும்."

மாடிக்கு ஓடி, அவளே தகட்டை வைத்துத் தண்ணீர் சொட்டினாள். பக்கத்திலேயே குத்தவைத்து உட்கார்ந்துகொண்டாள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அவள் குரல் கேட்டது.

"மாமா, இப்ப தின்னாச்சா?"

"இல்ல மக்கா. பைய தின்னட்டு."

என்னிடம் ஒரு வருடமாகத் தமிழில் ஒரு முழு வாக்கியம் பேசாதவள். எனக்கு முன்னாலேயே, அரைமணி நேரத்தில், அவனை மாமா என்று கூப்பிட்டுப் பேசுகிறாள். அவனுக்கோ எதுவும் பெரிதாகத் தோன்றவில்லை. தகட்டைப் பற்றியும் பெருமை இல்லை, பிள்ளையைப் பற்றியும் ஆச்சரியம் இல்லை. எனக்கு உள்ளே பற்றியது. அந்த எரிச்சலில்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன். மனம் திருந்திச் சொன்னேன் என்று எழுதிக்கொள்ள ஆசைதான். ஆனால் அப்படி இல்லை.

"அந்த மதிப்பாளர் நான்தாம்லே."

அவன் தகடுகளை அடுக்கிக்கொண்டிருந்தான். "எந்த மதிப்பாளர்?"

"ஒன்னப் போட்டு அரச்சவன்."

தண்ணீர்த் தொட்டியின் திண்டில் போய் உட்கார்ந்தான். 

"வெளக்கு கேட்டது?"

"நான்."

"உப்புக்காத்து?"

"நான்."

"அது நல்ல கேள்விலே. அது இல்லேன்னா வெள்ளி கறுக்கியது எனக்குத் தெரிஞ்சிருக்காது." முகத்தைத் துடைத்தான். "மத்ததெல்லாம் என்னத்துக்கு?"

"பொறாம."

"எனக்க மேலயா? ஒனக்கு என்னலே இல்ல?"

 அவனுக்கு இல்லாத எல்லாம் என்னிடம் இருந்தது. அப்படியும் எனக்குப் போதவில்லை என்பதை எப்படிச் சொல்வது. அதற்குப் பதிலாக மிச்சத்தையும் சொன்னேன். கூட்டத்தில் நான் சொன்ன யோசனை, பலகையில் எழுதிய பெயர், நீண்ட ஒப்பந்தம்.

அதுவரை அவன் முகத்தில் வருத்தம் மட்டும்தான் இருந்தது. அப்போதுதான் கோபம் வந்தது.

"ஒனக்க பேர எழுதினாங்களா?"

"ஆமா."

"நீ பாத்துட்டுச் சும்மா இருந்தியா?"

"இருந்தேன்."

எழுந்து நின்றான். குரலை உயர்த்தவில்லை. பிள்ளை பக்கத்தில் இருக்கிறாள் என்பதால் இருக்கலாம்.

"எனக்கிட்ட சொல்லிட்டு நீ நிம்மதியாட்டு பிளேன் ஏறலாம்னு பாக்கிய. அது நடக்காது கிளீட்டஸ். யாருகிட்ட பொய் சொன்னியோ அங்க போய்ச் சொல்லு. பெறவு பாப்போம்."

கல்லூரி வருகைப் பதிவேட்டில் இருந்த என் பெயர் அது. சுயம்பு ஒருநாளும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை.

இனியாவிடம் போய்க் குனிந்து, தகடு சுத்தமாகிவிட்டதா என்று பார்க்கலாம் வா என்று கூட்டிப்போனான். திரையில் கோடு தட்டையாக ஓடியதைக் காட்டினான். கிளம்பும்போது அவள் கையில் இரண்டு பழம் கொடுத்தான். என்னோடு வாசல்வரை வந்தான். கை கொடுக்கவில்லை.

8

டெல்பினிடம் முதலில் சொன்னேன். 

"ஒப்பந்தம் முடிய இன்னும் ஒம்பது மாசம் கெடக்கு. அது கழிஞ்சி சொன்னா போதாதா?" என்றாள். பிறகு, "பாவம் செய்ததும் நீங்க. இப்ப புண்ணியம் தேடப்போறதும் நீங்க. இதுல எனக்கும் பிள்ளைக்கும் என்ன பங்கு?" என்றாள். 

ஏப்ரலில் ரீத்தாவின் அறைக்குப் போனேன். இருமாமல் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். முழுவதையும் கேட்டுவிட்டு அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அந்தக் கடற்கரை மணல்? அதுவும் பொய்யா?"

"மணல் உண்மை. யோசித்தது பொய்."

திருடியதைவிட அதுதான் அவருக்கு வலித்தது என்று தோன்றியது. மற்றவர்களிடம் அந்தக் கதையைப் பல தடவை சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறாராம். துறைக்கு எழுதினார். டிசம்பரில் என் ஒப்பந்தம் முடிந்தது, புதுப்பிக்கப்படவில்லை. பத்திரிகை ஆசிரியருக்கு நானே எழுதினேன். மதிப்பாளர் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டதாக மூன்று வரியில் பதில் வந்தது. திருப்பி அனுப்பிய கட்டுரையை மறுபடி எடுக்க வழியில்லை என்றும் இருந்தது. சுயம்பு அதைக் கொஞ்சம் சிறிய பத்திரிகை ஒன்றில் ஏற்கெனவே வெளியிட்டிருந்தான்.

இரண்டு கடிதங்களின் நகலையும் அவனுக்கு அனுப்பினேன். "கிடைத்தது. சுயம்பு" என்று பதில் வந்தது. மக்கா என்று இல்லை.

பிறகு பதினொரு மாதம் வேலை இல்லை. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் ஒவ்வொரு மாதமும் ஒரு படிவம். அதில் 'முந்தைய வேலை முடிந்த காரணம்' என்று ஒரு வரி உண்டு. 'ஒப்பந்தக் காலம் முடிந்தது' என்றே எழுதுவேன். அதுவும் உண்மைதானே. டெல்பின் இரட்டை வேலை பார்த்தாள். அவள் வேலையை வைத்துத்தான் அனுமதி நீண்டது. இடையில் விழுந்த இந்தப் பள்ளத்தால்தான் நிரந்தர அட்டை இவ்வளவு தாமதம். இப்போது நகராட்சியின் குடிநீர்ச் சோதனைக்கூடத்தில் இருக்கிறேன். குப்பிகளில் தண்ணீர் வரும். சோதித்து எண் எழுதி அனுப்புவேன்.

பொறாமை போய்விட்டதா என்று கேட்பீர்கள். சுயம்புவின் பெயரை மாதம் ஒரு தடவையாவது இணையத்தில் தேடிப் பார்க்கிறேன். புதிய கட்டுரை வந்திருந்தால் நெஞ்சில் முள் குத்தும். வராவிட்டால் அவனுக்கு என்ன ஆயிற்றோ என்று கவலையாக இருக்கும்.

9

இனியாவுக்குப் பத்து வயது ஆகிறது. போன வசந்தத்தில் பள்ளியில் அறிவியல் கண்காட்சி. அவள் யாரிடமும் கேட்காமல், டெல்பினின் கைப்பேசியிலிருந்து முகவரி எடுத்துச் சுயம்புவுக்கு எழுதியிருக்கிறாள். பதில் ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டது. அதிலிருந்து வாரம் ஒரு கடிதம். தமிழில் எழுதினால்தான் பதில் போடுவேன் என்று அவன் சொல்லிவிட்டானாம். டெல்பினை அருகில் உட்காரவைத்து எழுத்துக் கூட்டி எழுதுகிறாள். 'செரி மாமா' என்றும், நன்றாயிருக்கிறது என்பதற்குக் 'கொள்ளாம் மாமா' என்றும் வருகிறது. நான் ஆறு வருடம் ஞாயிற்றுக்கிழமை தோறும் அ ஆ எழுதவைத்து வராத தமிழ்.

எனக்கு எழுதியதெல்லாம் ஒரே ஒரு வரி. அவளுக்குப் பக்கம் பக்கமாக. இப்போது என் மகள் மேல்தான் எனக்குப் பொறாமை. பத்து வயதுப் பிள்ளைமேல். வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

போன சனிக்கிழமை அவள் மேசையில் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் தட்டுத் துடைப்பதுபோல நின்றேன்.

"மாமா என்னைப் பத்திக் கேட்டாரா?"

"கேட்டாரு."

"என்னண்ணு?"

"அப்பா இப்ப என்ன செய்யறாருன்னு."

"நீ என்ன எழுதின?"

"தண்ணி பாக்காருன்னு."

"அதுக்கு?"

விரலைத் திரையில் வைத்து, எழுத்துக் கூட்டி, மெதுவாக வாசித்தாள்.

"நல்ல, வேல. அவன், கவனமா, செய்வான்."

அதை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன். வாசித்தாள்.